கல், மரம், சுண்ணாம்பு: கூடவே பத்து விருந்தினர்கள்

கேள்வி: அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது தளத்தில் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். கூடமும் சமையலறையும் நடுவில் சுவர் இல்லாமல் ஒரே அறையாக இருக்கின்றன. ஆறரை மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது எட்டுப் பத்து நண்பர்கள் சாப்பிட வருவார்கள். பேச்சு நள்ளிரவு வரை நீளும். லேமினேட்டும் பளபளக்கும் டைல்ஸும் எனக்கு அலுத்துவிட்டன. தரைக்குக் கரடான கல், ஒரு பக்கம் பூசாத செங்கல் சுவர், மற்ற சுவர்களில் வெறும் சிமெண்ட், சமையல் மேடைக்கு வெண்பளிங்கு, வார்னிஷ் அடிக்காத மேசை, ஜன்னல்களுக்குத் திரையே வேண்டாம் என்பது என் திட்டம். "கட்டி முடிக்காத வீட்டில் குடியேறியது போல இருக்கும்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவருக்கு வந்திருக்கும் சந்தேகம் நியாயமானது, காரணம்தான் வேறு. நீங்கள் எழுதியிருக்கும் அறை கண்ணுக்கு அழகாகவே இருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும், பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வது காதில் விழாது. உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கல், செங்கல், சிமெண்ட், பளிங்கு, கண்ணாடி, மரம். சத்தத்தை விழுங்கக்கூடிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஏறக்குறைய இதே பட்டியலை வைத்து ஒரு கூடம் செய்தேன். புகைப்படம் எடுக்க வந்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் விருந்து நடக்கும்போதெல்லாம் எல்லாரும் தட்டோடு பால்கனிக்குப் போய்விடுகிறார்கள் என்று வீட்டுக்காரர் சில மாதம் கழித்துச் சொன்னார். உள்ளே உட்கார்ந்தால் தலை வலிக்கிறதாம்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, முழக்கம் அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். அவர் கண்டுபிடித்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் விநாடிகளில் கிடைக்கும். உறிஞ்சும் பரப்பை அவர் திறந்த ஜன்னலோடு ஒப்பிட்டார். திறந்த ஜன்னலுக்குள் போன சத்தம் திரும்பி வராது அல்லவா?

உங்கள் அறையின் கனஅளவு சுமார் 70 கன மீட்டர். கல்லும் சிமெண்டும் தம் மீது விழும் சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மேசை நாற்காலி எல்லாம் சேர்த்துத் தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐந்து சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். முழக்கம் இரண்டே கால் விநாடி. மனித உடல் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் ஜன்னல்; பத்துப் பேர் வந்தால் சுமார் 1.1 விநாடிக்குக் குறையும். உட்கார்ந்து பேச வசதியான அளவு 0.6 விநாடியை ஒட்டியது. அதற்குக் கிட்டத்தட்ட 19 சதுர மீட்டர் வேண்டும். பாதிதான் உங்களிடம் இருக்கிறது. மீதிக்கு என்ன நடக்கும்? இரைச்சலில் பேசுகிறவர் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துவார் என்று 1911-இல் எடுத்துக்காட்டியவர் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர். ஒருவர் உயர்த்த, அடுத்தவர் இன்னும் உயர்த்த, பத்து மணிக்கு எல்லாரும் கத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே, "திரை வேண்டாம்" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவர் முழுவதற்கும், தரையிலிருந்து மேல்தளம் வரை, கனமான லினன் அல்லது கம்பளித் திரை போடுங்கள். சுவரின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும். இழுத்துக் கட்டிய துணியால் அதிகப் பயன் இல்லை; மடிப்புதான் சத்தத்தைத் தின்னும். பத்து சதுர மீட்டர் திரை ஐந்து சதுர மீட்டர் ஜன்னலாக வேலை செய்யும். சாயம் ஏற்றாத லினனை விடக் கச்சாவான பொருள் என்ன இருக்கிறது? துணி வைத்த சோபாவும் அதன் அருகே அடர்த்தியான ஒரு கம்பளி விரிப்பும் மீதியை ஏறக்குறைய நிரப்பிவிடும். இன்னொரு தந்திரமும் உண்டு. மேசைப் பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கம்பளி ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த கம்பளித் துணி) ஒட்டிவிடுங்கள். யார் கண்ணிலும் படாது, ஆனால் தட்டும் கரண்டியும் எழுப்பும் சத்தம் அங்கேயே மடங்கிவிடும்.

அடுத்தது எடை. ஐந்தாவது தளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடியிருப்புத் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை மனிதர்களும் சாமான்களும் ஏறலாம் என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். 20 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ. அதைப் பதிக்க ஐந்து சென்டிமீட்டர் கலவை போட்டால் இன்னொரு 100 கிலோ. இருக்கிற டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கல் பதித்தால், விருந்தினர் வந்து சேர்வதற்கு முன்பே தரை தன் பங்கைச் சுமந்துகொண்டிருக்கும். செங்கல் சுவர் இன்னும் மோசம். பத்து சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவர் உங்கள் அறை உயரத்துக்கு நீள மீட்டர் ஒன்றுக்கு ஐந்நூறு கிலோவைத் தொடும், அதுவும் ஒரே கோட்டில் இறங்கும் பாரம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு வரிசை செங்கல்கூட வைக்கக் கூடாது.

இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் செங்கல் சீவல்கள் கிடைக்கின்றன. டைல்ஸ் போல ஒட்டிவிடலாம், எடையும் குறைவு. எனக்கு மனம் ஒப்புவதில்லை. சுவரைத் தாங்காத செங்கல், செங்கல் வேடம் போட்ட ஒன்றுதான். இயற்கைப் பொருளைத் தேடிக் கிளம்பிவிட்டு வேடத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்துகொள்ளுங்கள், அதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சுவர்களைச் சுண்ணாம்புக்கோ மண் பூச்சுக்கோ விட்டுவிடுவேன். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மாதக்கணக்கில் நடக்கிற வேலை அது. சுவர் நாளுக்கு நாள் இறுகும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. மண் பூச்சு அவ்வளவு உறுதி இல்லை, நகத்தால் கீறினால் தடம் விழும். ஆனால் ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மணிக்கு 40, 50 கிராம் நீராவியையும், 100 வாட் அளவு வெப்பத்தையும் அறைக்குள் விடுகிறார். பத்துப் பேர் நான்கு மணி நேரம் இருந்தால் அது இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு சிறிய ஹீட்டரும். எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவர் இதைக் கண்டுகொள்ளாது. மண் சுவர் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாரும் கிளம்பிய பிறகு விட்டுவிடும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான். இப்போது உங்கள் சுவரில் இருக்கிற எமல்ஷன் பெயிண்ட் மீது நேரடியாகச் சுண்ணாம்பு பூசினால் பிடிக்காது, பாளம் பாளமாக வரும். பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மணல் கலந்த, அதற்கென்றே உள்ள அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். பூசி முடித்த பிறகு "பாதுகாப்புக்கு" என்று மேலே பிளாஸ்டிக் கோட்டிங் அடிக்க யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். வெறும் சிமெண்ட் சுவரும் செய்யலாம்தான். ஆனால் ஒரே அறையில் நான்கு பக்கமும் சாம்பல் நிறம் என்றால் இரவில் மனிதர்களின் முகம் சோர்ந்து தெரியும். விருந்து வைக்கிற வீட்டில் பார்க்க வேண்டியது சுவரை அல்ல, முகங்களை.

இனி சமையல் மேடை. விருந்தினருக்கு எவ்வளவு அழகான சோபா போட்டாலும் அவர்கள் சமைக்கிறவரைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஆக உங்கள் வீட்டில் அதிகமாகக் கைபடும், சிந்தும், கறைபடும் இடம் அந்த மேடை. அங்கே வெண்பளிங்கா? பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாம் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் கல்லே கரைகிறது. அங்கே விழுவது கறை அல்ல, அரிப்பு, துடைத்தால் போகாது. "சீலர் அடித்திருக்கிறோம்" என்று கல் கடைக்காரர் சொல்வார். சீலர் எண்ணெயும் காப்பியும் உள்ளே இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும். அமிலம் மேற்பரப்பைத் தின்பதைத் தடுக்காது.

மாக்கல் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில் துளைகள் இல்லாததால் எதுவும் உள்ளே இறங்காது, அமிலத்தைக் கண்டு பயப்படாது, சூடான பாத்திரத்தை அப்படியே வைக்கலாம். மெதுவான கல் என்பதால் கீறல் விழும். உப்புத்தாள் வைத்து நீங்களே தேய்த்துவிடலாம். அது வேண்டாம் என்றால், பளபளப்பு ஏற்றாத கிரானைட். பளிங்குதான் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிப்பதாக வைத்துக்கொள்வோம் (கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது). அப்போது மெருகு ஏற்றாத பளிங்கு வாங்குங்கள். கண்ணாடிபோல் மின்னும் பரப்பில் ஒரு துளி எலுமிச்சை விழுந்த இடம் தழும்பாகத் தெரியும். மங்கலான பரப்பில் நூறு துளி விழுந்தாலும் ஒன்றோடொன்று கலந்து கல்லின் நிறமாகவே ஆகிவிடும். முதல் துளி விழும் நாளில் மட்டும் மனம் வலிக்கும்.

மேசைக்கு வருகிறேன். இந்த வீட்டில் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் இதுதான், மற்றதில் எல்லாம் கஞ்சத்தனம் காட்டலாம். ஒருவருக்கு 60 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். 2.4 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்றால் இரண்டு பக்கமும் நால்வர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று பத்துப் பேர் உட்காரலாம். நாற்காலியை இழுத்து எழ 90 சென்டிமீட்டர், உட்கார்ந்திருப்பவர் பின்னால் தட்டு ஏந்திப் போக 120 சென்டிமீட்டர். உங்கள் நான்கு மீட்டர் அகலத்தில் இவை எல்லாம் அடங்கும். அகலத்தை ஒரு மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். எதிரில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டிவரும், பிறகு மறுபடியும் லொம்பார் வந்துவிடுவார்.

"வார்னிஷ் அடிக்காத மேசை" என்று எழுதியிருக்கிறீர்கள். வார்னிஷ் வேண்டாம் என்பது சரி. ஒன்றுமே வேண்டாம் என்றால் முதல் விருந்திலேயே எண்ணெய் வட்டங்கள் விழுந்துவிடும். நடுவழி, எண்ணெய் ஊட்டுவது. ஆளிவிதை எண்ணெய் அல்லது எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு மரத்தின் உள்ளே இறங்கி இறுகும், மேலே ஏடு கட்டாது. சூடான கோப்பை வெள்ளை வளையம் போட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் விடலாம். வார்னிஷில் அது முடியாது, முழு மேசையையும் சுரண்ட வேண்டும். ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். மிகைப்படுத்தவில்லை, பட்டறைகள் எரிந்திருக்கின்றன. விரித்து வெளியில் காயவைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

தச்சரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "பலகை அகல வாட்டில் விரியவும் சுருங்கவும் இடம் விட்டிருக்கிறீர்களா?" மரம் நீள வாட்டில் கிட்டத்தட்ட அசையாது. அகல வாட்டில், ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையே, ஒரு மீட்டர் பலகை பல மில்லிமீட்டர் விரியும், சில மரங்களில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். இரும்புச் சட்டத்தில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் பலகை வேறு வழியில்லாமல் பிளக்கும். திருகாணி நகரும்படி நீள்துளை போட்டிருக்க வேண்டும். கேள்வி புரியாமல் விழிக்கிற தச்சர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நடுவில் நீல நிறப் பிசின் ஆறு ஓடும் மேசைகளை யாராவது காட்டினால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன். ஈர இரும்புச் சட்டியை ஓக் மரத்தின் மீது வைக்காதீர்கள். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மசி போலக் கருப்பாகிவிடும்.

தரைக்கு, இருக்கிற டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவிட்டு மெல்லிய மரமோ தக்கையோ போடலாம். தக்கை ஓக் வகை மரம் ஒன்றின் பட்டை. ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை உரித்தால் மரம் மறுபடியும் பட்டை வளர்த்துக்கொள்ளும். காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும், கண்ணாடிக் குவளை விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், நள்ளிரவில் நாற்காலி இழுக்கிற சத்தம் நான்காவது தளத்துக்காரரின் தூக்கத்தைக் கெடுக்காது. அவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லின் ஆசை தீர, சமையல் பகுதியில் மட்டும் பொறியாளரைக் கேட்டுவிட்டுப் பத்து மில்லிமீட்டர் கல் பதியுங்கள். மேசைக்கு அடியில் சணல் விரிப்பு போட வேண்டாம். தண்ணீர் பட்ட இடம் பழுப்பாகிவிடும், ஈரம் தங்கினால் நாறும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2700 கெல்வின் (மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம்), பொருள்களின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று சொல்லும் குறியீடு (CRI) 90-க்கு மேல், எல்லாவற்றுக்கும் மங்கலாக்கும் சுவிட்ச். மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு பலகையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கண் கூசாது, எதிரில் இருப்பவர் முகமும் மறையாது. சுண்ணாம்புச் சுவரை ஒட்டி மேலிருந்து ஒரு விளக்கு வைத்துப் பாருங்கள். கரண்டியின் ஒவ்வோர் இழுப்பும் நிழலாக எழுந்து நிற்கும். கொத்தனார் அவசரப்பட்டிருந்தால் அதுவும் தெரியும், ஆகவே பூசி முடிப்பதற்கு முன்பே விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கணவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். கட்டி முடிக்காத வீட்டுக்கும் கச்சாப் பொருளால் செய்த வீட்டுக்கும் வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு முடிந்து மரம் தொடங்கும் கோடு, கல்லும் தக்கையும் சந்திக்கும் இடம், கதவுச் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளி. நடுப்பரப்பு எவ்வளவு கரடாக இருந்தாலும் இந்தக் கோடுகள் நூல் பிடித்தது போல இருந்தால், யோசித்துச் செய்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். கலவை வழிந்து, பட்டி பிதுங்கி, சிலிகான் தடவி மூடியிருந்தால் அவர் சொன்னதுதான் உண்மையாகிவிடும். செங்கலை விட்டதில் மிச்சமாகும் பணத்தை இந்த இணைப்புகளுக்குச் செலவிடுங்கள். பொருள்களும் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு, ஒரே வகை மரம், ஒரே வகைக் கல், லினனும் கம்பளியும். கைப்பிடிகளும் குழாய்களும் அரக்குப் பூச்சு இல்லாத பித்தளையாக இருக்கட்டும். தொடாத இடம் கருத்து, தொடும் இடம் மட்டும் மின்னும். எந்தக் குழாயை எல்லாரும் திறக்கிறார்கள் என்பதை ஒரே ஆண்டில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கல் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் நான்கைந்து துண்டுகள் கேட்டு வாங்கி வாருங்கள், வெட்டு மிச்சம் அவர்களிடம் குவிந்து கிடக்கும். மேசைக்கான மரத்திலும் எண்ணெய் ஊட்டிய ஒரு துண்டு. எல்லாவற்றின் மீதும் எலுமிச்சைத் துண்டு, ஒரு கரண்டி எண்ணெய், காப்பி வட்டம் என்று வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் துடைத்துவிட்டுக் கணவரை அழைத்து, எந்தத் துண்டின் தழும்போடு அவரால் இருபது ஆண்டு குடித்தனம் நடத்த முடியும் என்று கேளுங்கள். அவர் கைகாட்டுகிற கல்லையே மேடைக்குப் போட்டுவிடுங்கள். திரைத் துணியை மட்டும் அவரிடம் விடாதீர்கள். மடிப்பு எதற்கு, துணி வீண் என்று பாதியாக வெட்டச் சொல்லிவிடுவார்.